பருத்தி கேட்டவருக்குப் பட்டு

வெப்சைட்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்று கோபிநாத் சொன்னதும் பட்டுக்கடை அருணகிரிக்கு வாயில் வைத்த பஜ்ஜி இறங்கவில்லை. அந்தப் பணத்துக்கு ஆரணியில் பாவு ஊடையோடு தறியே புதுசாகப் போட்டுவிடலாம். இது என்னவோ கண்ணாடிக்குள் தெரிகிற கடை. வருஷா வருஷம் வாடகை உண்டு, சாய்ந்து உட்காரச் சுவர் கிடையாது.

கோபிநாத் சென்னையில் வெப்சைட் கம்பெனி வைத்திருக்கிற பையன். நல்ல பொறுமைசாலி. மடிக்கணினியைத் திருப்பி வைத்து விளக்கினான்.

"சார், உங்க சைட்டை அரபில மாத்தறது ஒரு வேலை. அதை மெஷினே செஞ்சிடும், நாப்பத்தஞ்சாயிரத்துல முடிச்சிடலாம். ஆனா குவைத்துல இருந்து ஒரு வியாபாரி வந்து பாத்தா, தன் ஊர்க் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கணும் இல்ல? எந்தப் படம் போடலாம், எதைப் போடவே கூடாது, எப்படிப் பேசணும், எந்தச் சீசன்ல விளம்பரம் குடுக்கணும், இதெல்லாம் அவங்க பழக்கவழக்கம் தெரிஞ்ச ஆள் பாக்கணும். அந்த ஆளுக்குத்தான் மீதிக் காசு."

"அந்த ஆளு இன்னா பண்ணுவாரு? நெய்வாரா?"

"சொல்லுவார் சார்."

"வாயால சொல்றதுக்கு ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரமா!"

யானையை வாங்குகிறவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினால் எப்படி என்று கேட்பார்கள். அருணகிரி யானையையே தவணையில் கேட்கிறவர். விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பத்தஞ்சே போடு தம்பி. சொல்றதுக்கு எங்கிட்டயே ஆளு கீது. குவைத்துல பதினோரு வருசம் குப்ப கொட்டிட்டு வந்தவ."

அந்த ஆள்தான் சூசைமேரி.

ஆரணிக் கொசப்பாளையத்தில் அருணகிரியின் கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு தறிக்கூடம். அதில் மூன்றாவது குழித்தறி அவள் புருஷன் பவுல்துரையுடையது. தறி முதலாளியுடையது, குழிக்குள் தொங்குகிற கால் மட்டும் அவனுடையது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சூசைமேரிக்குப் பாவு பிணைக்கிற வேலை. நெய்து முடிந்த பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் நாலாயிரத்துச் சொச்சம் இழைகளையும் ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். குனிந்த தலை நிமிரக் கூடாது. குவைத்திலிருந்து திரும்பி மூன்று வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நாற்பத்து நாலு வயதில் கண் மங்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு இழை ஒன்றாகத் தெரிந்தது, சில நேரம் ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

குவைத்துக்குத் திரும்ப வீட்டு வேலைக்குப் போகச் சொல்லி வேலூர் ஏஜெண்ட் மாதம் இருமுறை போன் பண்ணிக்கொண்டிருந்தான். மகள் ஹெப்சிபா நர்சிங் இரண்டாம் வருஷம். பவுல்துரையும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான்.

"ரெண்டே வருசம் மேரி. அவ படிப்பு முடிஞ்சிடும்."

"நீ போயேன்யா."

"என்ன எவன் கூப்புடறான்?"

"அப்ப மூடிகினு நெய்யி."

அவள் போக மாட்டாள். ஹெப்சிபாவுக்கு ஐந்து வயதில் விட்டுப் போனவள், பதினாறு வயதில் வந்து பார்த்தாள். விமான நிலையத்தில் அந்தப் பெண் மாலைபோல இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, "வாங்க, பயணமெல்லாம் நல்லா இருந்திச்சா?" என்று கேட்டது. பெற்ற பிள்ளை மரியாதை கொடுத்தால் அதைவிட ஒரு அவமானம் தாய்க்கு இல்லை. அந்த 'வாங்க' தேய்ந்து 'வா' ஆவதற்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. இப்போதுதான் ஹெப்சிபா குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை போடுகிறாள். அந்தச் சண்டையை விட்டுவிட்டு எந்த ஊர் தினாருக்காகவும் சூசைமேரி கப்பல் ஏற மாட்டாள், விமானமும் ஏற மாட்டாள்.

அதனால் அருணகிரி அவளைக் கடைக்குள் கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி காட்டி, மாதம் பத்தாயிரம் என்றபோது, மாதாவே நேரில் வந்து சொன்னதுபோல இருந்தது. புருஷன் வீடு சி.எஸ்.ஐ. கோயில் என்றாலும் இம்மாதிரி நேரங்களில் அவளுக்குப் பிறந்த வீட்டு மாதாதான் ஞாபகம் வருவாள்.

"அரபி தெரியுமில்ல?"

"பேசுவன் மொதலாளி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது."

"பேசினா போதும். எழுத்த மெஷினு பாத்துக்கும்."

முதல் நாளே கோபிநாத் சைட்டைத் திறந்து காட்டினான். பெரிய படமாக ஒரு மணப்பெண், இடுப்புத் தெரிய, ஒருக்களித்து நின்றாள். கீழே சிவப்பில் ஆடித் தள்ளுபடி என்பதை மெஷின் அரபியில் எழுதி வைத்திருந்தது. அது என்னவென்று கோபிநாத் சொன்னதும் சூசைமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, இத எடுத்துடுப்பா. ஆம்பளைங்க குடும்பத்தோட குந்தினு இருக்கசொல்ல இந்தப் படம் வந்தா போன மூடி வெச்சிட்டுப் பூடுவாங்க. பொடவைய மடிச்சி வெச்சி எடு. அவங்களுக்குத் துணிதான் வேணும், பொண்ணு வேணாம்."

"சரிக்கா."

"ஆடிய கண்டாங்களா அவங்க? நோன்பு, ரெண்டு பெருநாளு, அப்பால குளுரு காலத்துல கல்யாணம். இந்த மூணுத்துக்கும் முன்னாடி வெளம்பரம் போடு. நோன்பு மாசத்துல பகல்ல போடாத, எவனும் பாக்க மாட்டான். நோன்பு தொறந்து தொழுதுட்டு வந்து காப்பி குடிப்பாங்க பாரு, அப்ப போடு."

"விலை?"

"வெலைய எடுத்ததும் மூஞ்சில அடிக்காத. போன் நம்பரப் பெருசா போடு. அவங்களுக்குப் பேசித்தான் வாங்கணும். எழுதிக் கேட்டா ரெண்டு நாளைக்கு பதிலு வராது. கொரலு அனுப்பினா ஒடனே வரும்."

மேல் மூலையிலிருந்த பிள்ளையாரைப் பற்றிக் கோபிநாத்தே கேட்டான். அருணகிரி ஒப்பவில்லை. பேச்சு வளர்ந்து, கடைசியில் பிள்ளையார் முதல் பக்கத்திலிருந்து முகவரிப் பக்கத்துக்கு இறங்கினார். அன்று சாயங்காலம் அருணகிரி ஒரு சூறைத்தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கோபிநாத் சூசைமேரி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் குறித்துக்கொண்டு போனான். அதை வேறு ஊர்க் கடைகளுக்கு முழு விலைக்கு விற்றிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் பெறுமானமுள்ள பேச்சை அவள் ஒரு டீக்குப் பேசிவிட்டுப் போனாள்.

குவைத்திலிருந்து அபூ நாசர் குரல் அனுப்பியது மூன்றாவது வாரம். நாலு துணிக்கடை வைத்திருப்பவர். சூசைமேரி கம்பெனி போனில் பதில் சொன்னாள். சலாம் சொன்னாள், உடம்பு எப்படி என்றாள், தாயார் சுகமா என்றாள், மழை உண்டா என்றாள். மனைவியைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்கக் கூடாது. மறுநாளும் அதே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருணகிரி நெளிந்தார்.

"இன்னா மேரி, பத்து நாளா நலம் விசாரிச்சிகினே கீறீங்க. துணி பேச்சு எப்பத்தான் வரும்? பேஜாரா கீது."

"வரும் மொதலாளி. ஜல்தி பண்ணா ஓடிடுவாரு."

பன்னிரண்டாம் நாள் வந்தது. தை மாதம் தம்பி மகனுக்குக் கல்யாணம். வருகிற ஆண்களுக்குத் தோளில் போடும் சால்வை, முந்நூறு. அதில் எண்பது குடும்பத்துப் பெரியவர்களுக்கு, கரை அகலமாக. இது சரியாக அமைந்தால் நாலு கடைக்கும் வருஷம் முழுக்கச் சரக்கு. ஒரே ஒரு நிபந்தனை: நீளவாக்கில் ஓடும் பாவு பட்டாக இருக்கலாம், குறுக்கே ஓடும் ஊடை பருத்தி, எடையில் பருத்தி பாதிக்கு மேல் இருக்க வேண்டும்.

"பருத்தியா?" அருணகிரி முகம் சுளித்தார். "ஆரணிக்கு வந்து பருத்தி கேக்கறானா? காசு கம்மியா கீதா அவன்கிட்ட?"

"காசு இல்ல மொதலாளி. அவங்க ஆம்பளைங்க சுத்தப் பட்டு போட மாட்டாங்க. மதத்துல கூடாது."

"நம்ம ஆற்காட்டு பாய்ங்க கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கல?"

"அது பொண்ணுக்கு. பொம்பளைங்களுக்குத் தடையில்ல. நான் வேல செஞ்ச வூட்டுல பெரியவருக்குப் புள்ள வெளிநாட்டுல இருந்து பட்டு அங்கி வாங்கியாந்தான். அந்த மனுசன் அதத் தொடவே இல்ல. என்கிட்ட குடுத்து ஜன்னல் தொடைக்கச் சொன்னாரு."

"பட்டுல ஜன்னலா! சரி சரி."

அந்த 'சரி சரி' எந்தக் காதில் நுழைந்து எந்தக் காதில் வெளியேறியது என்பது பின்னால்தான் தெரிந்தது. அபூ நாசர் திரும்பக் கேட்டார், உறுதியாகப் பருத்தி சேருமா என்று. சூசைமேரி 'வல்லாஹி' என்றாள். கடவுள் மேல் ஆணை. அங்கே சின்னக் காரியத்துக்கும் அதைச் சொல்வார்கள். அவள் சின்னக் காரியமாகச் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்ததைப் பார்க்க ஊரே பாலத்துக்கு ஓடியபோது, தறிக்கூடத்தில் குழிகள் ஊறிக்கொண்டிருந்தன. பவுல்துரை குழியில் தவிடு கொட்டி, அதன்மேல் சாக்கு விரித்து, அதன்மேல் கால் வைத்து மிதித்தான். பாவு ஈரம் வாங்கிப் பிசுபிசுத்தது. தறிக்கு ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டு இழையைக் காய வைத்தார்கள். மத்தியானம் சூசைமேரி கேழ்வரகுக் களியும் மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பும் தூக்கில் கொண்டுவந்தால், அவன் குழியை விட்டு ஏறாமலே தின்றான். ஏறினால் கால் மரத்திருப்பது தெரிந்துவிடும்.

இருநூற்றிருபது சால்வை சொன்னபடி முடிந்தது. பெரியவர்களின் எண்பது பாக்கி இருக்கும்போது பருத்தி நூல் வரவு நின்றது. மழையில் லாரி வரவில்லை. கூடத்தில் பட்டு ஊடை கட்டுக் கட்டாக இருந்தது.

அருணகிரி கெட்டவர் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆத்திரம். ஏமாற்றுக்காரனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்கு ஒரு வழக்கம்: பெரிய கை முதன்முதலாகச் சரக்கு எடுத்தால், கேட்டதைவிட ஒரு படி உசத்தியாக, கேட்ட விலைக்கே வைத்து அனுப்புவார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கொடுத்ததற்கு மதிப்பில்லை. பிரித்துப் பார்த்து அவனாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அருணகிரி எண்பது சால்வையையும் பாவும் பட்டு ஊடையும் பட்டாக நெய்யச் சொன்னார். கைநஷ்டம் நிறைய. பெரியவர்களுக்குப் போகிறது, குறை வைக்கக் கூடாது என்று நினைத்தார். ஒவ்வொரு சால்வையிலும் நூற்றுக்கு நூறு பட்டு என்கிற முத்திரை அட்டையைத் தன் கையாலேயே கட்டினார்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கடையில் சாம்பிராணி போட்டு முடிக்கவில்லை, போனில் அடுத்தடுத்து ஆறு குரல் வந்து விழுந்தது. சூசைமேரி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். மூன்றாவதைக் கேட்கும்போது எழுந்து நின்றுவிட்டாள்.

அருணகிரி முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"பிரிச்சிப் பாத்துட்டானா? இன்னா சொல்றான்? அசந்து பூட்டிருப்பானே!"

"இன்னாத்தப் பிரிச்சிப் பாத்தாரு மொதலாளி? எண்பது சால்வையில இன்னா வெச்சீங்க?"

"பட்டு! கேட்டது பருத்தி, குடுத்தது பட்டு! எந்த யாவாரி செய்வான்?"

அபூ நாசர் கத்தியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். அவர் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார். கல்யாணக் கூடத்தில் நானூறு பேர். அவருடைய தாய்மாமன், எண்பத்திரண்டு வயது, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேரன் அட்டையைப் படித்துச் சொல்லியிருக்கிறான். கிழவர் எழுந்து, எடுத்து, மடித்து, அபூ நாசரின் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். பின்னாலேயே ஒவ்வொருவராக மடித்துக் கொடுத்தார்கள். 'நீ கடவுள்மேல் சத்தியம் செய்தாய்' என்பதுதான் ஆறாவது குரல்.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அருணகிரி தரையில் உட்கார்ந்தார்.

"பட்டுல பருத்திய கலந்தவன ஒலகம் திட்டும், சரி. பருத்தி கேட்டவனுக்குப் பட்டு குடுத்தவனத் திட்றத இப்பத்தான் பாக்கறன். நான் இன்னா விஷத்தையா குடுத்தன்?"

"நான் அன்னிக்கே சொன்னன் மொதலாளி."

"சொன்ன. அவங்களா கேக்க மாட்டாங்கன்னு நெனச்சன். குடுத்தா வேணாம்பாங்கன்னு நெனைக்கல."

அவள் தறிக்கூடத்துக்கு ஓடினாள். பவுல்துரை ஊடை ஓட்டும் நாடாவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"யோவ், பெரிய கரை சால்வைக்குப் பட்டு ஊடையா போட்ட?"

"ஆமா. ஏன்?"

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"மொதலாளி யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. முழுப்பட்டுக்குக் கூலியும் சேத்துக் குடுத்தாரு. ஹெப்சிபாவுக்கு பஸ் பாஸ், புக்குன்னு அதுலதான வாங்கின?"

அவன் மேல் கோபப்பட அவளுக்குத் தெம்பில்லை. வாங்கியது அவள்தான்.

திரும்பி வந்தபோது அருணகிரி தன் போனில் கோபிநாத்தோடு பேசிக்கொண்டிருந்தார். போன் சத்தமாக வைக்கப்பட்டிருந்தது.

"சார், கம்பெனி தப்புன்னு மட்டும் ஒத்துக்காதீங்க. அங்க ஒருத்தர் சொன்னா எல்லாக் கடைக்கும் போயிடும். ஆறு மாசம் கட்டின பேரு சார். கேட்டதைத் தமிழ்ல சொன்ன ஆள் தப்பா சொல்லிட்டாங்கன்னு போட்டா முடிஞ்சுது."

அருணகிரி அவளைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துப் பேசினார்.

"கேட்டியா மேரி? மொதலாளி தப்புன்னா கடை தப்பு. நீ தப்புன்னா ஒரு ஆளு தப்பு. ஆளு தப்ப எவனும் மனசுல வெச்சிக்க மாட்டான். பத்து தறி கீது, பத்து குடும்பம். உன் புருசன் தறியும்தான்."

"சத்தியம் பண்ணது நானு மொதலாளி. நான் பொய் சொல்லல."

"யாரு சொன்னது பொய்யின்னு? எனக்குத் தெரியாதா? அவனுக்கு மட்டும் அப்பிடிச் சொல்லு."

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல் வந்தது. தன்மேல், அவர்மேல், நல்லெண்ணம் என்கிற அந்தப் பாழாய்ப்போன சாமான்மேல். கம்பெனி போனை எடுத்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. பட்டனை அழுத்திப் பேச ஆரம்பித்தாள்.

குவைத்தில் அவள் எதை அரைகுறையாகக் கற்றிருந்தாலும், மன்னிப்புக் கேட்கிற அரபியை மட்டும் முழுசாகக் கற்றிருந்தாள். தான் உடைக்காத கண்ணாடிக்கு, காணாமல் போய்த் தலையணைக்கடியில் கிடைத்த மோதிரத்துக்கு, குழந்தை அழுததற்கு, குழந்தை அழாமல் தூங்கிவிட்டதற்கு, எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறாள். எங்கே குரல் இறங்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும், எத்தனை முறை ஆண்டவன் பெயர் சொல்ல வேண்டும் என்பது நாக்குக்கே தெரியும். தப்பு என்னுடையது, எனக்குப் புரியவில்லை, நான் படிக்காதவள், முதலாளி நல்லவர், அவருக்குத் தெரியாது. ஒரு இடம் தடுக்கவில்லை. மொழி தெரியாத அருணகிரிக்கே கண் கலங்கிவிட்டது.

"நல்லா சொன்னம்மா," என்றார்.

பதில் வருவதற்குள் கோபிநாத் மறுபடி பேசினான். "சார், தப்பு அந்த அக்காவோடதுன்னு சொல்லியாச்சு. இனிமே அவங்களே லைன்ல வந்தா எப்படி நம்புவாங்க? ஹைதராபாத்ல ஒரு பொண்ணு இருக்கு, அரபி காலேஜ்ல படிச்சது. வீட்ல இருந்தே பாக்கும். மாசம் இருவத்தஞ்சு."

இதற்கு அருணகிரி பேரம் பேசவில்லை. சரி என்றார். அப்புறம் சூசைமேரி பக்கம் திரும்பினார்.

"உனக்கு இன்னா, உன் பழைய வேல அப்பிடியேதான கீது. நாளைக்கு ரெண்டாந் தறிக்குப் பாவு பிணைக்கணும்."

"கண்ணு தெரியலைன்னுதான மொதலாளி இங்க வந்தன்?"

"கண்ணாடி வாங்கித் தரேன்," என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

அப்போது கம்பெனி போன் டிங்கென்றது. அபூ நாசர், ஒரே குரல், நீளமாக. சூசைமேரி காதில் வைத்துக் கேட்டாள். முதல் பாதி வியாபாரம். எண்பதையும் திருப்பி அனுப்புகிறார், பருத்தி ஊடையில் எண்பது வேண்டும், கடைகளுக்குச் சரக்கு பற்றி இனி வேறு யாராவது பொறுப்பானவர் பேசட்டும். அப்புறம் குரல் இளகியது. லேசாகச் சிரித்தார். பிழைக்க வந்தவள், உன்மேல் கோபமில்லை என்றார். நீ எங்கள் வீடுகளில் வேலை செய்தவள் என்று முதல் நாள் பேச்சிலேயே தெரிந்துகொண்டேன் என்றார். எப்படியும் உன்னை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். என் தாயாருக்குக் கூட இருந்து குளிப்பாட்டி விட ஒரு நல்ல பெண் வேண்டும். சரியென்று சொல், விசா நான் அனுப்புகிறேன், ஏஜெண்டுக்கு ஒரு காசு தர வேண்டாம்.

ஆறு மாதமாக அவள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேசினாள். ஒருநாள் கால்மேல் கால்கூடப் போட்டுக்கொண்டாள். ஆரணியில் ஒரு பட்டுக் கடை தன் வாயால் பேசுகிறது என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டாள். அத்தனை நாளும் அந்த மனுஷன் காதில் விழுந்தது சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த ஒருத்தியின் குரல்.

"இன்னா சொல்றான்? ஆர்டர் போச்சா?" அருணகிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகல மொதலாளி. எண்பது மட்டும் மாத்திக் குடுக்கணுமாம். கடை சரக்கு உண்டாம். வேற ஆளு பேசட்டும்ன்றாரு."

"அப்பாடா! முருகா!" அவர் கும்பிட்டுக்கொண்டார். பிறகு சந்தேகம் வந்து கேட்டார். "கடைசில நீளமா இன்னமோ சொன்னானே, சிரிச்சிகினு? அது இன்னா?"

"அது எனக்கு."

விசா அனுப்புகிறேன் என்ற அந்தக் குரலை மட்டும் தன்னுடைய நம்பருக்கு அனுப்பிக்கொண்டாள். வந்துவிட்டதா என்று இடுப்பிலிருந்த தன் போனை எடுத்துப் பார்த்தாள். கம்பெனி போனை மேசைமேல் அவர் முன்னால் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கூடத்துக்குப் போனாள்.